அதிபர் மாறினார், வரிசை நகருமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். பல ஆண்டுகளாக உங்கள் கட்டுரைகளைப் படித்துவருகிறேன்; எழுதுவது இதுவே முதல்முறை. 2010 அக்டோபரில் எச்1பி என்னும் தற்காலிக வேலை விசாவில், மனைவியோடும் ஆறு வயது மகளோடும் டெக்சாசுக்கு வந்தேன். அந்த விசாவின் ஆறாண்டுக் கெடு முடிய ஓராண்டு இருக்கையில்தான், 2015 செப்டம்பரில், என் நிறுவனம் கிரீன் கார்டுக்கான முதல் விண்ணப்பத்தைப் போட்டது. அதுதான் என் பிரயாரிட்டி டேட், அதாவது வரிசையில் என் இடத்தைக் குறிக்கும் தேதி. 2020 அக்டோபரில் வேலைவாய்ப்பின் மூன்றாம் பிரிவில் இந்தியர்கள் அடுத்த விண்ணப்பம் போடுவதற்கான தேதி திடீரென்று 2015 ஜனவரிக்குத் தாவியபோது நண்பர்கள் பலர் விண்ணப்பித்துவிட்டார்கள். எட்டு மாத வித்தியாசத்தில் நான் வெளியே நின்றேன்.

2021 ஜனவரி 20 அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு பைடன் பதவியேற்பைக் குடும்பத்தோடு பார்த்தோம். கமலா ஹாரிஸ் உறுதிமொழி எடுத்தபோது என் மனைவி அழுதுவிட்டாள். எச்1பி ஊழியரின் துணைவருக்கான வேலை அனுமதியான எச்4 இஏடி எப்போது ரத்தாகுமோ என்று நான்கு ஆண்டுகளாகப் பயந்துகொண்டே வேலைக்குப் போனவள் அவள். இனி எல்லாம் மாறும் என்று அன்று நம்பினேன். ஆனால் போன வாரம், பதினொன்றாம் வகுப்பில் இருக்கும் மகள் ஒரு கல்லூரிப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். குடிமகன், நிரந்தரக் குடியிருப்பாளர், மற்றவை என்று மூன்று கட்டங்கள். "அப்பா, நான் மற்றவையா?" என்று கேட்டாள். இன்னும் நான்கரை ஆண்டில் அவளுக்கு 21 வயது ஆகிவிடும். அதன்பின் அவள் எங்கள் விண்ணப்பத்தில் இருக்க மாட்டாள். சட்டத்தை மீறி அழைத்துவரப்பட்ட பிள்ளைகளுக்காவது, நாடுகடத்தாமல் தங்கி வேலை செய்ய விடும் டாக்கா என்ற திட்டம் இருக்கிறது. சட்டப்படி வந்த என் மகளுக்கு அதுவும் இல்லை. வரிசையில் நின்ற எங்களுக்கல்லவா முதலிடம் தர வேண்டும்? புதிய அதிபர் ஏதாவது செய்வார் என்று நான் நம்புவது பேதைமையா?

எஸ்., டெக்சாஸ்

அன்புள்ள எஸ்.,

பேதைமை இல்லை. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதைக் கேட்கும்போது உங்களுக்கு இருந்த கூச்சம் எழுத்தில் தெரிந்தது, எனக்கு அது வருத்தம் தந்தது. வாக்குரிமை இல்லாத ஒருவர் தேர்தல் முடிவுக்காகக் கண்விழித்துக் காத்திருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாக்களித்தவர்கள் பலரின் வீட்டுக்குள் வருவதைவிட அந்த முடிவு உங்கள் வீட்டுக்குள் ஆழமாக வருகிறது. சில மாற்றங்கள் வந்தும்விட்டன. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் சில நாடுகளிலிருந்து வருவோரைத் தடுத்த ஆணைகள் பதவியேற்ற நாளிலேயே நீக்கப்பட்டன. எச்4 இஏடியை ரத்து செய்யும் முன்மொழிவு அதே மாதத்தில் திரும்பப் பெறப்பட்டது. புதிய கிரீன் கார்டு விசாக்களைச் 2020 ஏப்ரலிலிருந்து நிறுத்திவைத்திருந்த பிரகடனம் பிப்ரவரி 24 அன்று விலக்கிக்கொள்ளப்பட்டது. உங்கள் மனைவியின் கண்ணீர் வீண்போகவில்லை.

ஆனால் நீங்கள் உண்மையில் காத்திருப்பது இவற்றுக்காக அல்ல. உங்கள் வரிசை நகர வேண்டும், அதுவும் மகளுக்கு 21 ஆவதற்குள் நகர வேண்டும். அந்தச் சாவி அதிபரின் மேசையில் இல்லை என்பதை நான் ஒருநாள் ஒரு குடும்பத்தின் நடுவில் உட்கார்ந்துதான் புரிந்துகொண்டேன்.

2014 நவம்பர் 20 அன்று நியூ ஜெர்சியில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். குடியேற்றம் பற்றி அதிபர் ஒபாமா அன்றிரவு எட்டு மணிக்கு நாட்டுக்கு உரையாற்றப்போகிறார் என்று முன்னதாகவே சாப்பாட்டை முடித்துவிட்டு எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தோம். நண்பரின் மனைவி மருந்தியலில் முதுகலை படித்தவர். எச்4 விசாவில் வந்து, வேலைக்குப் போக அனுமதியில்லாமல் ஆறு ஆண்டுகளாக வீட்டில் இருந்தார். உரை தொடங்கியபோது அவர் கையில் ஓர் ஆரஞ்சு இருந்தது, பாதி உரித்திருந்தார். கால்மணி நேர உரையில் பெரும்பகுதி ஆவணங்கள் இல்லாமல் வாழும் பெற்றோர்களைப் பற்றியது. உயர்திறன் கொண்ட குடியேறிகள் தங்கிப் பணியாற்றுவதை எளிதாக்குவேன் என்று ஒரே ஒரு வாக்கியம் வந்து போனது. உரை முடிந்தது. "அவ்வளவுதானா?" என்றார் அவர், யாரிடமும் இல்லாமல். உரித்த பாதி உரித்தபடியே அந்த ஆரஞ்சு மேசைக்குத் திரும்பியது.

பிறகு நடந்ததுதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது. அந்தப் பெற்றோர்களுக்காக அன்று மேடையில் முழங்கிய பெரிய திட்டத்தை மூன்று மாதத்தில் உங்கள் டெக்சாசிலேயே ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2016இல் உச்ச நீதிமன்றம் 4-4 என்று பிரிந்ததால் அது எழவே இல்லை. ஆனால் அந்த உரைக்கு முன்பே, 2014 மே மாதத்திலேயே ஓர் அரசுத் துறை சத்தமில்லாமல் முன்வைத்து, பொதுமக்கள் கருத்தைக் கேட்டு, வரிவரியாகத் திருத்திக்கொண்டிருந்த ஒரு விதி 2015 மே 26 அன்று நடைமுறைக்கு வந்தது. அந்த விதியின் கீழ்தான் நண்பரின் மனைவி வேலைக்குப் போனார். உங்கள் மனைவி போவதும் அதன் கீழ்தான். ஓர் அதிபரால் ஆகக்கூடியது என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. அதன் எல்லையும் இதிலேயே தெரிகிறது: ஒரு நிர்வாகம் எழுதிய விதியை அடுத்த நிர்வாகம் அழிக்கப் பார்க்கலாம். உங்கள் வீட்டில் நான்கு ஆண்டுகள் குடியிருந்த அச்சம் அதுதான்.

உங்களை வரிசையில் நிறுத்தியிருப்பது விதியல்ல, சட்டம். வேலைவாய்ப்பின் அடிப்படையில் ஆண்டுக்கு 1,40,000 கிரீன் கார்டுகள், அதில் மனைவி, பிள்ளைகளும் அடக்கம், எந்த ஒரு நாட்டவருக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்று 1990ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. அதன் வேர் 1965இல் இருக்கிறது. அந்த வேரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் நம்பிக்கை எந்தத் திசையில் பார்க்க வேண்டும் என்பது அங்கேதான் தெரிகிறது.

1924இல் அமெரிக்கா ஒரு சட்டம் செய்தது. வடக்கு, மேற்கு ஐரோப்பியர்களுக்குக் கதவைத் திறந்துவைத்து, தெற்கு, கிழக்கு ஐரோப்பியர்களுக்கு ஒருக்களித்து, ஆசியர்களுக்கு ஏறக்குறைய அடைத்துவிட்ட சட்டம் அது. புரூக்ளினிலிருந்து அப்போதுதான் முதல்முறையாகப் பிரதிநிதிகள் சபைக்கு வந்திருந்த இமானுவேல் செல்லர் என்ற இளம் உறுப்பினர் அதை எதிர்த்துப் பேசினார், தோற்றார். அதிபர் கூலிட்ஜ் கையெழுத்திட்டார். அதன்பின் ஹூவர் வந்தார், ரூஸ்வெல்ட் வந்தார், செல்லர் அதே சபையில் இருந்தார். 1946இல் எதிர்க்கட்சியைச் சேர்ந்த கிளேர் பூத் லூஸ் என்ற உறுப்பினரோடு சேர்ந்து ஒரு சிறிய சட்டத்தை நிறைவேற்றினார். அதன்படி இந்தியர்கள் ஆண்டுக்கு நூறு பேர் குடியேறலாம், குடியுரிமையும் பெறலாம். நூறே பேர்! 1920இல் மாணவராக வந்து, கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, கலிபோர்னியாவில் விவசாயம் செய்துகொண்டிருந்த தலிப் சிங் சௌந்த் அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்டவர். அதனால்தான் 1949இல், வந்து 29 ஆண்டுகள் கழித்து, அவரால் குடியுரிமை பெற முடிந்தது. 1956இல் அவரே பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆசிய வம்சாவளியைச் சேர்ந்த ஒருவர் வாக்களிக்கும் உறுப்பினராக அங்கே போய் உட்கார்ந்தது அதுவே முதல்முறை. உங்கள் மனைவியைக் கண்கலங்க வைத்த கமலா ஹாரிசின் தாயார் சியாமளா கோபாலன் 1958இல் பெர்க்லிக்குப் படிக்க வந்தபோதும் இந்தியாவுக்கான குடியேற்ற அளவு அந்த நூறுதான்.

1952இல் பழைய ஒதுக்கீட்டு முறையை நீட்டித்த ஒரு சட்டத்தை அதிபர் ட்ரூமன் தன் தடுப்பதிகாரத்தால் நிறுத்தப் பார்த்தார். நாட்டின் நாடாளுமன்றமான காங்கிரஸ் அவரை மீறி அதை நிறைவேற்றியது. அதிபரே எதிர்த்தும் நிற்கவில்லை. ஐசனோவர் காலம் போனது. மாற்றத்தை முன்மொழிந்த கென்னடி கொல்லப்பட்டார். 1965 அக்டோபர் 3 அன்று சுதந்திர தேவி சிலையின் காலடியில் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்துக்கு ஹார்ட், செல்லர் என்ற இரு உறுப்பினர்களின் பெயர்தான் வழங்குகிறது. 41 ஆண்டுகள், ஏழு அதிபர்கள், ஒரே மனிதர். அவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்ந்துபோகிறது. ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும், இந்த அதிபர் செய்துவிடுவார் என்று அவரும் எத்தனை முறை நம்பியிருப்பார்!

எல்லா நாட்டவரையும் ஒரே அளவில் நடத்த வேண்டும் என்பது 1965இன் நோக்கம். அதனால் நாடுகளுக்குச் சமமான உச்சவரம்பு வந்தது. சிறிய நாட்டுக்கும் இந்தியாவுக்கும் அதே வரம்பு. அன்று அது நியாயம். இன்று உங்கள் மகளின் கட்டத்தில் வந்து நிற்கும் அநியாயமும் அதுவே. அதை மாற்றும் அதிகாரம் காங்கிரசுக்கு மட்டுமே உண்டு. 2013இல் பெரிய சீர்திருத்த மசோதா செனட்டில் 68-32 என்று நிறைவேறியது. பிரதிநிதிகள் சபை அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. நாட்டு வரம்பை நீக்கும் மசோதாவை 2019 பிப்ரவரியில் செனட்டில் கொண்டுவந்தவர்கள் குடியரசுக் கட்சியின் மைக் லீயும், அப்போது செனட்டராக இருந்த கமலா ஹாரிசும். அதே நோக்கமுள்ள மசோதா அந்த ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 365-65 என்று நிறைவேறியது. 2020 டிசம்பரில் செனட்டும் தன் வடிவத்தை எதிர்ப்பின்றி ஏற்றுக்கொண்டது. இரண்டு வடிவங்களும் ஒன்றாகவில்லை. 2021 ஜனவரி 3 அன்று அந்தக் காங்கிரசின் காலம் முடிந்தபோது மசோதாவும் முடிந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதை இவ்வளவு அருகில் பார்த்த தலைமுறை உங்களுடையது.

இப்போது, 2021 பிப்ரவரி 18 அன்று, பைடனின் மசோதா வந்திருக்கிறது. நாட்டு வரம்பு நீக்கம், தேங்கிக்கிடக்கும் விண்ணப்பங்களை முடித்தல், 21 வயதில் பிள்ளைகள் வெளியேற்றப்படாமல் காத்தல் என்று நீங்கள் கேட்பவை எல்லாம் அதில் உண்டு. ஆனால் இந்த 2021 செனட்டில் இரு தரப்பும் 50-50. முட்டுக்கட்டையைத் தாண்ட 60 வாக்குகள் வேண்டும். முழு மசோதாவாக இது நிறைவேறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உங்களிடம் அதை மறைப்பது சரியல்ல.

அதிபரிடம் இந்த ஆண்டு உறுதியாகக் கேட்கக்கூடிய ஒன்று இருக்கிறது. 2020இல் கொரோனாவால் தூதரகங்கள் மூடிக்கிடந்தன. குடும்பப் பிரிவில் பயன்படாமல் போன கிரீன் கார்டு எண்கள் சட்டப்படி வேலைவாய்ப்புப் பிரிவுக்கு வந்து, 1,40,000 என்பது இந்த 2021 நிதியாண்டில் ஏறத்தாழ 2,60,000 ஆகியிருக்கிறது. மற்ற நாட்டவருக்குத் தேவைப்படாதவை நெடுநாள் காத்திருக்கும் இந்தியர்களுக்கு வரும். செப்டம்பர் 30க்குள் வழங்காவிட்டால் இந்த வாய்ப்பு கைநழுவிவிடும். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், வாக்கெடுப்பு வேண்டாம். கோப்புகளைப் புரட்ட ஆட்களும், புரட்டியே ஆக வேண்டும் என்ற மேலிடத்து அழுத்தமும் போதும். ஒரு தலைவரின் அக்கறையை அளக்க உரைகளைவிட இதை நம்பலாம்.

உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில் எனக்கு உடன்பாடில்லை. டாக்காவுக்கு விண்ணப்பிக்க 2007 ஜூன் 15 முதலே அமெரிக்காவில் வாழ்ந்திருக்க வேண்டும், 2012 ஜூன் 15 அன்று சட்டபூர்வமான அந்தஸ்து இல்லாதவராகவும் இருந்திருக்க வேண்டும் என்பதால், 2010இல் விசாவில் வந்த உங்கள் மகளுக்கு அதில் இடமில்லை. அது அநீதி, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது கிரீன் கார்டு அல்ல. இரண்டு ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டிய ஒரு தவணை. 2017இல் அதையும் முடித்துவிட ஆணை வந்து, 2020 ஜூனில் உச்ச நீதிமன்றத்தின் 5-4 தீர்ப்பால் தப்பினார்கள். உங்கள் மகளைப் போலவே, நினைவு தெரிந்த நாள்முதல் அந்த மண்ணில் வளர்ந்தவர்கள். அவர்களைப் பின்னுக்குத் தள்ளினால் உங்களுக்கு ஓர் எண்கூடக் கூடுதலாக வராது. காங்கிரசில் இந்த இரண்டு கூட்டத்தையும் மோதவிட்டுப் பல ஆண்டுகளை ஓட்டியாயிற்று. நீங்களும் அதற்குத் துணைபோய்விட வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

உங்களுக்கு வாக்கு இல்லை, ஆனால் பிரதிநிதி இருக்கிறார். பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களும் வாக்காளர் எண்ணிக்கையை வைத்துப் பிரிக்கப்படுவதில்லை; பதினான்காவது சட்டத்திருத்தத்தின்படி அங்கே வாழும் மக்கள் அனைவரும் எண்ணப்படுகிறார்கள். 2020இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தை நீங்கள் நிரப்பியிருப்பீர்கள். அதில் உங்கள் மூவரின் எண்ணும் டெக்சாசின் இடங்களுக்குள் சேர்ந்திருக்கிறது. குடியேற்றத் துறையில் சிக்கிய கோப்புகளைப் பற்றி விசாரித்துத்தர அந்த அலுவலகங்களில் தனியாக ஆட்கள் இருக்கிறார்கள். குடிமகனா என்று கேட்டுத் திருப்பியனுப்ப மாட்டார்கள். அங்கே போங்கள். இரண்டு செனட்டர்களுக்கும் எழுதுங்கள். நாட்டு வரம்பைப் பற்றி எழுதுவதைவிட, பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதுங்கள். ஏழு விழுக்காடு என்ற சொல்லைக் கேட்டுச் சலித்தவர்களுக்கும் மூன்று கட்டங்களும் ஒரு கேள்வியும் உடனே புரியும்.

மகளுக்கு ஒரு தகவல். உயர்நிலைப் பள்ளியை டெக்சாசில் முடித்து, அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தவர்களுக்கு, உங்கள் மகளைப் போல விசாவில் வந்தவர்களானாலும், அரசுக் கல்லூரிகளில் மாநிலத்தவருக்கான கட்டணமே என்று 2001இலேயே அந்த மாநிலச் சட்டமன்றம் சட்டம் செய்திருக்கிறது.  ஆகவே படிவத்தின் அந்த ஒரு கட்டத்தைப் பார்த்து அவள் கல்லூரிகளைக் கழித்துவிட வேண்டாம். விருப்பப்பட்ட இடங்களுக்கெல்லாம் விண்ணப்பிக்கட்டும். பிரதிநிதிக்கான கடிதத்தையும் அவளே எழுதட்டும், அவளுடைய ஆங்கிலத்தில், நீங்கள் திருத்தாமல். அனுப்பியபின் எனக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள். செப்டம்பர் 30 தாண்டியதும், எண்கள் என்னவாயின என்று நீங்கள் எழுதுங்கள்.

அன்புடன்.