எந்த பிரேம் என் முகத்துக்குப் பொருந்தும்?

கேள்வி: எனக்கு வட்ட முகம், இரு கண்களிலும் மைனஸ் 6 பவர். வட்ட முகத்துக்குச் சதுர பிரேம்தான் எடுப்பாக இருக்கும் என்று பலரும் சொன்னதால், அகலமான சதுர பிரேம் ஒன்றை வாங்கினேன். ஆனால் லென்ஸின் வெளி ஓரம் தடித்துத் துருத்துகிறது. குனிந்தால் கண்ணாடி மூக்கிலிருந்து சரிகிறது. எங்கே தவறு?

பதில்: வட்ட முகத்துக்குச் சதுரம் என்ற அறிவுரையில் உண்மை இருக்கிறது. கன்னமும் தாடையும் மென்மையாக வளையும் முகத்தில், பிரேமின் நேர்க்கோடுகள் தெளிவான வடிவத்தைத் தருகின்றன. ஆயினும் பிரேமின் அகலமும், மூக்கின் மேல் அது அமரும் விதமும், உங்கள் பவருமே முதலில் பார்க்கப்பட வேண்டியவை. உங்களுக்கு அந்த வரிசை தலைகீழாகிவிட்டது.

காதில் மாட்டும் கம்பியின் உட்புறத்தைப் பாருங்கள். அங்கே 54, 18, 140 என்பதுபோல மூன்று எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். முதலாவது ஒரு லென்ஸின் அகலம், இரண்டாவது இரு லென்ஸ்களுக்கும் இடைப்பட்ட தூரம், மூன்றாவது கம்பியின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். முதல் இரண்டையும் கூட்டினால் 72 வருகிறது. உங்கள் இரு கண்மணிகளுக்கும் இடையே 62 மில்லிமீட்டர்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லென்ஸின் பார்வை மையம் கண்மணிக்கு நேராக நின்றாக வேண்டும் என்பதால், ஒவ்வொரு லென்ஸிலும் அந்த மையத்தை 5 மில்லிமீட்டர் மூக்குப் பக்கமாக நகர்த்தி வெட்டுவார்கள். மைனஸ் லென்ஸ் மையத்தில் மெலிந்தும் விலக விலகத் தடித்தும் இருப்பது. ஆகவே மையத்திலிருந்து வெகுதூரம் தள்ளிப்போன வெளி ஓரம், அதிலும் சதுரத்தின் மூலைகள், தடிக்காமல் வேறு வழியில்லை. இதே கணக்கில் 46, 20 என்ற அளவுள்ள பிரேமை எடுத்தால் கூட்டுத்தொகை 66. நகர்த்த வேண்டியது 2 மில்லிமீட்டர் மட்டுமே. 1.67 போன்ற உயர் ஒளிவிலகல் எண் கொண்ட லென்ஸ் தடிமனைக் குறைக்கும் என்பது சரிதான். ஆனால் பெரிய பிரேமைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கூடுதல் விலை கொடுத்து லென்ஸால் அதை ஈடுகட்டுவது எனக்கு உகந்த வழியாகத் தோன்றவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அகலமான மைனஸ் லென்ஸ் வழியே உங்களைப் பார்ப்பவருக்கு, கண்ணுக்குப் பக்கவாட்டில் முகத்தின் விளிம்பு உள்வாங்கி ஒடுங்கியதுபோலத் தெரியும். கண்களும் சிறுத்துத் தெரியும். முகத்தோற்றத்தை இது மாற்றும் அளவுக்குப் பிரேமின் வடிவம் மாற்றாது. எனவே சிறிய, மூலைகள் சற்றே மழுங்கிய செவ்வக பிரேம்தான் உங்களுக்கு ஏற்றது: நேர்க்கோடும் கிடைக்கும், தடிமனும் குறையும்.

சரிவதற்குக் காரணம் பெரும்பாலும் லென்ஸின் எடையும், மூக்குத் தண்டில் முழுமையாகப் படியாத பிரேமும்தான். தனித்தனி மூக்குத் தாங்கிகள் உள்ள உலோக பிரேமில் அவற்றை வளைத்துப் பொருத்திக்கொள்ளலாம். வார்த்தெடுத்த பிளாஸ்டிக் பிரேமில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

கேள்வி: என் முகம் எந்த வடிவம் என்றே எனக்குத் தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: தலைமுடியைப் பின்னால் இழுத்துக் கட்டிக்கொண்டு, நெற்றி, கன்ன எலும்பு, தாடை ஆகிய மூன்றில் எது அகலம் என்பதையும், முகத்தின் நீளம் அகலத்தைவிட எவ்வளவு கூடுதல் என்பதையும் பாருங்கள். பலருடைய முகம் இரண்டு வடிவங்களுக்கு இடையில்தான் இருக்கும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். நீண்ட முகத்துக்கு உயரம் கூடிய பிரேமும், அகன்ற தாடைக்கு வளைவான பிரேமும், அகன்ற நெற்றியும் கூரிய மோவாயும் உள்ளவர்களுக்கு மேல்விளிம்பு கனமில்லாத பிரேமும் நன்றாக அமையும். யாராக இருந்தாலும் பிரேமின் மேல்கோடு புருவத்தின் போக்கை ஒட்டிச் செல்ல வேண்டும். சிரிக்கும்போது கீழ்விளிம்பு கன்னத்தில் முட்டக் கூடாது.

பவர் அதிகமுள்ளவர்களுக்கு ஒரு சிரமம் உண்டு. கடையில் மாட்டிப் பார்க்கும் பிரேமில் பவர் இல்லாத வெற்று லென்ஸ்தான் இருக்கும் என்பதால், நிலைக்கண்ணாடியில் தம் முகமே அவர்களுக்கு மங்கலாகத் தெரியும். ஒவ்வொரு பிரேமையும் அணிந்து நேராகவும் பக்கவாட்டிலும் கைபேசியில் படம் எடுத்து, பிறகு பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு முதன்முறையாக புரோகிரசிவ் லென்ஸ் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒடுங்கிய பிரேம்தான் வேண்டும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் என்றே சொல்வேன். அந்த லென்ஸில் தொலைவுப் பார்வை மேலேயும் படிப்பதற்கான பகுதி கீழேயும் அமைவதால், உயரம் குறைந்த பிரேமில் வெட்டும்போது படிக்கும் பகுதிதான் பறிபோகும். பொதுவாக லென்ஸின் உயரம் 28 முதல் 30 மில்லிமீட்டராவது இருப்பது நல்லது. பிரேமை அவர் முகத்தில் சரியாகப் பொருத்திய பிறகே, கண்மணி லென்ஸில் எந்த உயரத்தில் வருகிறது என்று அளந்து குறிக்கச் சொல்லுங்கள்.