சவரத்துக்கு நடுவே தாடி முடியைப் பிடுங்கினால் என்ன ஆகும்?

சவரம் செய்த இரண்டாம் நாளே விரல் தானாகத் தாடைக்குப் போகிறது, முள்ளாக நிற்கும் முடியைத் தேடிப் பிடுங்குகிறது. இதனால் கெடுதல் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. பிடுங்கிய முடியின் அடியில் வெள்ளையாக, ஈரப்பசையுடன் ஏதோ ஒட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். அது வேரும் அதைச் சுற்றிய உறையும். முடி முளைக்கும் குழி தோலுக்குள்ளேயே இருப்பதால் முடி மறுபடி முளைக்கும். சுருள் முடிக்காரர்களுக்குத்தான் தொல்லை அதிகம்: புது முடி வெளியே வராமல் தோலுக்குள்ளேயே வளைந்து, சீழ் வைத்த பருவாகிவிடும். நகம் பட்ட இடத்தில் கிருமியும் நுழையும். பரு ஆறினாலும் கரும்புள்ளி மாதக்கணக்கில் நிற்கும். (பிடுங்கினால் அடர்த்தியாக வளரும் என்பது வெறும் நம்பிக்கை.)

உறுத்தும் முடியைச் சின்னக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். நிறுத்த நினைத்தும் கை நிற்கவில்லை, தாடியில் சொட்டை விழுகிறது என்றால் அது ட்ரைக்கோட்டிலோமேனியா என்ற, முடியைப் பிடுங்கும் மனநலக் கோளாறாக இருக்கலாம். கூச்சப்படாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். பழக்கத்தை மாற்றும் பயிற்சி இருக்கிறது, பலருக்கு உதவுகிறது.