சிறுத்துக்கொண்டே போனாலும் முடிவிலியா?

கேள்வி: இணைந்த கணிதத்தில் நல்ல பெறுபேறு எடுத்துத்தான் அறிவியல்நகர்ப் பல்கலைக்கழக வளாகத்துக்கு வந்தேன். 1 + 1/2 + 1/3 + 1/4 … உறுப்புகள் பூச்சியத்தை நெருங்குகின்றன. பிறகேன் கூட்டுத்தொகைக்கு எல்லை இல்லை என்கிறார்கள்?
– முதலாம் ஆண்டு மாணவி, கிளிநொச்சி

பதில்: தங்கச்சி, முல்லைத்தீவில் என்னிடம் படிக்கும் பிள்ளைகளும் இதைத்தான் கேட்பார்கள். நல்ல கேள்வி, விடாதீர்கள்.

1/3, 1/4 இரண்டையும் சேருங்கள். 1/3 என்பது 1/4ஐ விடப் பெரிது, ஆகவே கூட்டு 1/2ஐத் தாண்டும். அடுத்த நான்கிலும், 1/5 முதல் 1/8 வரை, ஒவ்வொன்றும் 1/8க்குக் குறையாது. மறுபடி 1/2க்கு மேல். அடுத்த எட்டு, அதற்கடுத்த பதினாறு என்று பிடித்தால் அரையரையாக ஏறிக்கொண்டே போகும். 14ஆம் நூற்றாண்டில் பிரான்சின் நிக்கோல் ஒரேம் கொடுத்த நிறுவல் இது. எனக்கு இன்றைக்கும் இதைவிட அழகான நிறுவல் தெரியாது.

ஆனால் ஏற்றம் மகா மெதுவு. கூட்டுத்தொகை 10ஐத் தாண்ட 12,367 உறுப்புகள் வேண்டும்! கல்குலேட்டரில் கொஞ்சம் கூட்டிப் பார்த்து 'நின்றுவிட்டது' என்று நினைப்பது அதனால்தான்.

சரி, கூட்டுத்தொகைக்கு எல்லை இருக்க, உறுப்புகள் பூச்சியத்தை நெருங்குவது தேவையான நிபந்தனை, போதுமானது அல்ல. எவ்வளவு வேகமாக நெருங்குகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். 1 + 1/4 + 1/9 + 1/16 … என்று வர்க்கங்களை வைத்தால் தொடர் ஒருங்கும், அதாவது கூட்டுத்தொகை ஓர் எல்லையை நெருங்கும். அதன் பெறுமதி π²/6 என்று கண்டவர் கணிதமேதை ஒயிலர்.

ஒருங்குமா என்று பார்க்கும் சோதனைகளை மனப்பாடம் செய்யமுன், இரண்டு தொடர்களின் பகுதிக் கூட்டுத்தொகைகளையும் (முதல் ஒன்று, இரண்டு, மூன்று … உறுப்புகளின் கூட்டு) கொப்பியில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அப்புறம் 1 − 1/2 + 1/3 − 1/4 … எழுதுங்கள். அது 0.693 பக்கம் போகும். ஏன் என்று மடக்கைத் தொடரில், அதாவது ln(1 + x) இன் விரிவில், தேடுங்கள்.