துப்பாக்கி அதிகமாக ஆடினால் யதார்த்தம் கூடிவிடுமா?

நீங்கள் கேட்டது இது: நண்பர்கள் சேர்ந்து ஆர்மா 3 என்ற போர்க்களக் கணினி விளையாட்டை விளையாடுகிறீர்கள், எந்த மாட்களை, அதாவது விளையாட்டை மாற்றியமைக்க ரசிகர்கள் செய்யும் சேர்க்கைகளை, சேர்ப்பது என்பதில் குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. "ஓடினால் மூச்சு வாங்க வேண்டும், துப்பாக்கி கையில் ஆட வேண்டும், எல்லாம் மெதுவாக நடக்க வேண்டும், அதுதான் யதார்த்தம்" என்கிறார்கள் சிலர். "விளையாட்டை விளையாட்டாக விடுங்கள்" என்கிறார்கள் மற்றவர்கள். யார் சொல்வது சரி?

ஆறு ஆண்டுகளாக ஒரு சிறு குழுவுக்கு ஆர்மா 3 சர்வர் நடத்தி வருகிறேன். சனிக்கிழமை இரவுகளில் பன்னிரண்டு, பதினான்கு பேர் கூடுவோம். இதே சண்டையை நாங்களும் போட்டிருக்கிறோம். ஒரு கட்டத்தில் இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள். ஆகவே இதை வெறும் ரசனை வேறுபாடு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: ஒரு மாட் யதார்த்தமானதா என்பதை அது எவ்வளவு கஷ்டப்படுத்துகிறது என்பதை வைத்து அளக்கக் கூடாது. உண்மையான களத்தில் இருப்பவன் எடுக்கும் முடிவை, திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரும் தானாகவே எடுக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

இந்த எண்ணம் எனக்கு வந்தது கணினியிலிருந்து அல்ல, ஒரு ரூபாய் நாணயத்திலிருந்து.

கல்லூரியில் மூன்று ஆண்டுகள் என்சிசியில் இருந்தேன். முகாமில் பாயிண்ட் 22 ரைஃபிளில் சுட வைத்தார்கள். 25 மீட்டரில் இலக்கு, ஆளுக்கு ஐந்து தோட்டா, படுத்த நிலை. முதல் நாள் என் ஐந்து தோட்டாக்களும் அட்டையில் ஐந்து திசைகளில் போயிருந்தன. பயிற்சி தந்த ஹவில்தாரை உஸ்தாத் என்று அழைப்போம். மறுநாள் காலை அவர் என்னைத் தோட்டா இல்லாத துப்பாக்கியோடு தரையில் படுக்க வைத்து, குழலின் மேல், குறிபார்க்க முனையில் இருக்கும் முன்குறிக்குச் சற்றுப் பின்னால், ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தார். நாணயம் விழாமல் விசையை அழுத்த வேண்டும். அது விழுந்துகொண்டே இருந்தது. நான்காவது முறை அவர் குனிந்து என் இடது முழங்கையைப் பிடித்து, துப்பாக்கிக்கு நேர் கீழே வருமாறு நகர்த்தினார். "கையால் இறுக்கிப் பிடிக்காதே தம்பி, எலும்பில் தாங்கு. தசை களைத்துப்போகும், எலும்பு களைக்காது" என்றார். பிறகு முன்குறியைப் பார்த்துக்கொண்டே மூச்சு விடச் சொன்னார். மூச்சை இழுக்கும்போது குழலின் முனை தாழ்ந்தது, விடும்போது உயர்ந்தது. மேலும் கீழுமாக மட்டுமே அசைந்தது. பக்கவாட்டில் ஏறக்குறைய அசையவே இல்லை. பாதி மூச்சை விட்டு நிறுத்தியதும் முன்குறி நின்றது. நாணயமும் நின்றது.

இப்போது ஒரு சராசரி யதார்த்த மாடை எடுத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியின் முனை படுக்க வைத்த எட்டு என்ற எண்ணைப் போல வளைந்து வளைந்து திரிகிறது. முழங்கையை எங்கே ஊன்றியிருக்கிறேன், தோளில் துப்பாக்கியின் பின்கட்டை சரியாகப் பதிந்திருக்கிறதா, பக்கத்தில் இருக்கும் மூட்டையில் முன்கையைச் சாய்க்கலாமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. உண்மையான உடலுக்கு இருக்கும் தடைகளை மட்டும் அது எடுத்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தடைகளை வெல்ல அதே உடலுக்கு இருக்கும் வழிகளை விட்டுவிட்டது. பாதி உடலைக் கொடுத்துவிட்டு அதை யதார்த்தம் என்று சொல்வதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஆர்மா 3 2013இல் வெளிவந்தது. செக் குடியரசின் போஹீமியா இன்டராக்டிவ் நிறுவனம் உருவாக்கியது. தொடக்கத்தில் களைப்பும் துப்பாக்கியின் ஆட்டமும் இருந்தன, ஆனால் சுவரில் துப்பாக்கியைச் சாய்த்துச் சுட வழியில்லை. 2015இல் மார்க்ஸ்மென் என்ற கூடுதல் தொகுப்போடு வந்த இலவசப் புதுப்பிப்பில்தான் துப்பாக்கியைச் சுவர், சன்னல் விளிம்பு, பாறை ஆகியவற்றில் தாங்கிச் சுடும் வசதியும், இருகால் தாங்கியை விரித்து ஊன்றும் வசதியும் எல்லோருக்கும் கிடைத்தன. என்னைக் கேட்டால் அந்த விளையாட்டில் யதார்த்தத்துக்காகச் செய்யப்பட்ட மிகச் சிறந்த மாற்றம் அதுதான். அது விளையாட்டை எளிதாக்கியது. ஆனாலும் அன்றிலிருந்து ஆட்கள் ஓடிப்போய்ச் சுவரோரம் ஒதுங்கினார்கள், தாங்கச் சரியான இடத்தைத் தேடினார்கள். சிப்பாய் செய்வதும் அதுதானே.

நடமாட்டத்திலும் இதே கதைதான். ஆர்மா 3இன் ஆல்டிஸ் தீவு கிரேக்கத்தின் லெம்னோஸ் தீவை மாதிரியாகக் கொண்டது. வயல்வெளி முழுவதும் கல்லடுக்கிக் கட்டிய சுவர்கள். முழங்கால் உயரச் சுவரைத் தாண்ட ஒரு பொத்தான் இருக்கிறது. மார்பளவுச் சுவர் வந்தால் அவ்வளவுதான், சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அத்திரா ஊருக்கு வெளியே ஒருமுறை எங்கள் மருத்துவர் காயம்பட்டுக் கிடந்தவரை எட்டுவதற்கு இப்படி ஒரு சுவரைச் சுற்றி ஓடி, வெட்டவெளியில் மாட்டிக்கொண்டு செத்தார். எந்த மனிதனும் இரண்டு கைகளையும் ஊன்றி ஏறிவிடக்கூடிய சுவர் அது. அடுத்த வாரமே என்ஹான்ஸ்டு மூவ்மென்ட் என்ற மாடைச் சேர்க்கலாம் என்றேன். சுவர் ஏறவும், கூரை விளிம்பைப் பற்றித் தொற்றவும் விடும் மாட் அது. குழுவில் எங்களுக்கெல்லாம் மூத்த அண்ணன் ஒருவர் ஒரேயடியாக எதிர்த்தார். "முதுகில் முப்பது கிலோ வைத்துக்கொண்டு எவன் தம்பி கூரை மேல் தாவுவான்? இது சர்க்கஸ்" என்றார். கூரை விஷயத்தில் அவர் சொன்னது சரி என்று இன்றும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சர்க்கஸைத் தடுக்க வேண்டியது சுமை. சுமை கூடினால் ஏறுவது சிரமமாகட்டும், ஏறியபின் மூச்சு வாங்கட்டும். ஏறவே முடியாது என்பது எந்த ஊர் யதார்த்தம்?

இதுவரை படித்துவிட்டு நான் இரண்டாம் கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். செயற்கையான தண்டனைகள் எல்லாமே தவறு என்று நான் சொல்லவில்லை. அதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்று புராஜெக்ட் ரியாலிட்டி.

2005இல் பேட்டில்ஃபீல்ட் 2 வந்தது; அதே ஆண்டில் ரசிகர்கள் அதற்காகச் செய்யத் தொடங்கிய மாட் அது. அந்த விளையாட்டை இயக்கும் அடிப்படை மென்பொருளான எஞ்சினில் துப்பாக்கியின் ஆட்டத்தை ஒழுங்காகக் காட்ட வழியில்லை. ஆகவே தோட்டாவின் சிதறலைக் கூட்டினார்கள். ஓடிவந்து நின்ற உடனே சுட்டால், குறி சரியாக எதிரியின் மேல் இருந்தாலும் தோட்டா வேறெங்கோ போகும். நின்று, சில நொடிகள் அசையாமல் காத்திருந்தால்தான் நேராகப் போகும். இயற்பியல்படி பார்த்தால் இது முழுப் பொய். குழல் நோக்கும் திசையில்தான் தோட்டா கிளம்பும். சுடுபவன் இரண்டு நொடிக்கு முன் ஓடினானா என்று அது கேட்காது. ஆனால் அந்தப் பொய் என்ன செய்தது என்று பாருங்கள். யாரும் ஓடிக்கொண்டே சுடவில்லை. ஒருவர் நகர, இன்னொருவர் படுத்துக் காவல் காத்தார். முன்கூட்டியே இடம் பிடித்தவர் வென்றார். பொறிமுறை பொய், நடத்தை மெய். எனக்கு நடத்தைதான் முக்கியம்.

அந்த மாட் வழியில் பிறந்த ஸ்குவாட் என்ற தனி விளையாட்டில் 2023 செப்டம்பரில் காலாட்படைச் சண்டையை அடியோடு மாற்றிய புதுப்பிப்பு வந்தபோது இதே விவாதம் உலகம் முழுவதும் வெடித்தது. துப்பாக்கியின் ஆட்டமும் பின்னுதையும் கூடின, களைப்பின் பாதிப்பு கூடியது, அருகில் தோட்டா பறந்தால் பார்வை மங்கியது. பலர் கொதித்தார்கள். அதில் ஒன்றை மட்டும் நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்: பார்வை மங்குவது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குச் சாவு பயம் கிடையாது. தலைக்கு மேல் தோட்டா பறந்தாலும் அவர் தேநீர் குடித்துக்கொண்டே எட்டிப் பார்த்துச் சுடுவார். உண்மையில் அங்கே இருப்பவன் தலையைக் குனிவான். அந்தப் பயத்தைத் திரை வழியாகக் கொடுக்க வேறு வழி இல்லை. இல்லாத பயத்துக்கு ஈடாக ஒன்றைத் தருவது நியாயம். இருக்கும் திறமையைப் பறிப்பது நியாயமில்லை. என் கோடு அங்கேதான் விழுகிறது.

ஈடு தருவதில் எனக்கு மிகப் பிடித்தது ஏஸ் 3 மாடில் இருக்கும் ஒரு சின்ன விஷயம். திரையின் மூலையில் தோட்டா எண்ணிக்கையைக் காட்டுவதை எங்கள் சர்வரில் மறைத்துவிட்டோம். அதற்குப் பதிலாக விசைப்பலகையில் கன்ட்ரோலையும் R எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் மேகசினில், அதாவது துப்பாக்கியில் செருகும் தோட்டாப் பெட்டியில், தோராயமாக எவ்வளவு மீதம் என்று சிறு கோடுகளாகக் காட்டும். துல்லியமான எண் வராது. கையில் எடுத்து எடை பார்ப்பவனுக்கு அவ்வளவுதானே தெரியும்? பாதி தீர்ந்த மேகசின் பைக்குள் பாதியாகவே கிடக்கும்; சண்டை ஓய்ந்தபின் உட்கார்ந்து தோட்டாக்களை ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். இது வந்தபிறகு எங்கள் ஆட்கள் மூன்று தோட்டா சுட்டதும் ரீலோட் செய்யும் பழக்கத்தை விட்டார்கள். "எனக்கு இரண்டு மேகசின்தான் இருக்கிறது, யாராவது கொடுங்கள்" என்ற குரல் ரேடியோவில் கேட்கத் தொடங்கியது.

காற்று, வெப்பநிலை, காற்றழுத்தம், பூமியின் சுழற்சி எல்லாவற்றையும் கணக்கிடும் தோட்டாப் பாதை மாட்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். எண்களில் அவைதான் ஆகத் துல்லியமானவை. ஆனால் 300 மீட்டருக்குள் நடக்கும் வழக்கமான சண்டையில் அவற்றின் தாக்கம் பெரிதாகத் தெரியாது. அந்தத் தூரத்தை எம்4 ரகத் துப்பாக்கியின் தோட்டா அரை நொடிக்குள் கடந்துவிடுகிறது. அதற்குள் ஓடும் எதிரி இரண்டு மீட்டர் நகர்ந்திருப்பான். அந்த இரண்டு மீட்டரை மாட் இல்லாத ஆர்மாவே சரியாகக் காட்டுகிறது. குழுவில் தொலைதூரத் துப்பாக்கிக்காரர் ஒருவர் ஆசையாகக் கேட்டால் சேருங்கள்.

வி.ஆர். கண்ணாடி போட்டு விளையாடுபவர்களுக்கு இந்தச் சிக்கலில் பாதி கிடையாது. அவர்களுடைய சொந்தக் கை நடுக்கமே துப்பாக்கிக்குப் போய்விடுகிறது. மவுஸ் பிடிப்பவர்களுக்குத்தான் இவ்வளவு பஞ்சாயத்தும்.

இனி எங்கள் குழுவில் நடந்தது. ஏஸ் 3இல் துப்பாக்கியின் ஆட்டம், சுமையின் பாதிப்பு, களைப்பிலிருந்து மீளும் வேகம், மேட்டுச் சரிவின் பாதிப்பு எல்லாவற்றையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். எல்லாவற்றுக்கும் இயல்பு அளவு 1. மூத்த அண்ணனின் விருப்பப்படி துப்பாக்கியின் ஆட்டத்தை 2 ஆக்கி ஒரு மாதம் விளையாடினோம். அவர் எதிர்பார்த்தது பொறுமை. கிடைத்தது அதற்கு நேர் எதிரானது. தூரத்தில் சுட்டுப் பயனில்லை என்று தெரிந்ததும் எல்லோரும் எதிரியின் மூக்குக்கு முன்னால் ஓடிப்போய்த் தொடர்ச்சியாகச் சுட்டுத் தள்ளினார்கள். காவல் காப்பது நின்றது, படுப்பது நின்றது, புகைக் குண்டு வீசுவது நின்றது. யதார்த்தத்துக்காக வைத்த அளவு யதார்த்தமே இல்லாத சண்டையைப் பெற்றுத் தந்தது. அதை முதலில் கவனித்துச் சொன்னவரும் அந்த அண்ணன்தான்; அதற்காக அவர் மேல் எனக்கு இன்னும் மரியாதை கூடியது.

பிறகு தலைகீழாக மாற்றினோம். துப்பாக்கியின் ஆட்டம் 0.5. சுமையின் பாதிப்பு 1.5. மீளும் வேகம் இயல்பு. சுவர் ஏறும் மாட் உண்டு, கூரைத் தாவல் கிடையாது என்று எங்களுக்குள் ஒரு வாய்மொழி விதி. நின்று நிதானித்துச் சுட்டால் தோட்டா படும். ஆனால் மூட்டை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது.

நீங்களும் இப்படியே செய்து பாருங்கள். ஒரே பணியை இரண்டு வாரம் இரண்டு அளவுகளில் விளையாடுங்கள். வென்றோமா தோற்றோமா என்று பார்க்காதீர்கள். முதல் தோட்டா வந்ததும் ஒவ்வொருவரும் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள், யார் நின்று சுடுகிறார், யார் காயம்பட்டவரை இழுக்கப் போகிறார் என்று மட்டும் ஒரு ஆள் குறித்துவையுங்கள். இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் வைத்துவிட்டு உங்கள் இரு கட்சிகளையும் பேசச் சொல்லுங்கள்.

எங்களுக்கு விடை கிடைத்தது புதிய அளவின் இரண்டாவது சனிக்கிழமை. ராக்கெட் சுமக்கும் தம்பி வழக்கமாக மூன்று ராக்கெட்டுகளை முதுகில் போட்டுக்கொண்டு முன்னால் ஓடுபவர். அன்று மலையடிவாரத்தில் நின்றார். மேலே ஒருமுறை பார்த்தார். ரேடியோவில், "அண்ணா, இந்த மேடு ஏறினால் எனக்கு மூச்சு வாங்குவது நிற்காது. இரண்டாவது ராக்கெட்டை யாராவது வாங்கிக்கொள்கிறீர்களா?" என்று கேட்டார். மூன்று பேர் திரும்பி இறங்கி வந்தார்கள்.