கால்வாய்த் தூண்டில் போட்டிக்கு அணியில் கூப்பிடுகிறார்கள், போகலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் எழுதியதை வாசித்தேன். இங்கிலாந்தில் நனீட்டன் பக்கம் கிடங்கு வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் சூப்பர்வைசர் வந்து ஞாயிற்றுக்கிழமை கொவென்ட்ரி கால்வாயில் தூண்டில் போட்டி, எங்கள் அணிக்கு ஒரு ஆள் குறைகிறது, நீ வா என்கிறார். ஊரில் தூண்டில் போட்டிருக்கிறேன் என்று எப்போதோ தேத்தண்ணி நேரத்தில் நீங்கள் சொன்னதை மனுஷன் ஞாபகம் வைத்திருக்கிறார். இது பகிடியா, போனால் மானம் போகுமா, என்ன கொண்டுபோவது, குடிக்கச் சொல்வார்களா, பிடித்த மீனை எல்லாம் திரும்பத் தண்ணீரில் விடுகிறார்களாமே அது உண்மையா என்பவை உங்கள் கேள்விகள்.

போங்கள். பகிடி இல்லை. ஆனால் உங்கள் திறமையைக் கேள்விப்பட்டுக் கூப்பிட்டார்கள் என்றும் நினைக்க வேண்டாம். அணிப்போட்டியில் ஒரு இடம் காலியாக இருந்தால், ஒன்றுமே பிடிக்காதவனுக்குக் கிடைப்பதைவிட மோசமான புள்ளி அந்த இடத்துக்கு விழும். அதனால் கரையில் ஒரு உடம்பு இருந்தால் போதும் என்ற நிலையில்தான் உங்களைக் கேட்டிருப்பார்கள். இதில் கோபப்பட ஒன்றுமில்லை, நானும் இப்படித்தான் உள்ளே போனேன், இங்கே பாதிப் பேர் அப்படித்தான் போயிருப்பார்கள்.

முதலில் புள்ளிக் கணக்கு விளங்க வேண்டும், அது விளங்கினால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ஒரு அணிக்கு ஆறு பேர், மொத்தம் பத்து அணி என்று வையுங்கள். கால்வாயின் நீளத்தை ஆறு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் ஒவ்வொரு அணியிலிருந்தும் ஒருவரை உட்காரவைப்பார்கள். ஆக, உங்கள் பகுதியில் பத்துப் பேர், நீங்கள் போட்டியிடுவது மற்ற ஒன்பது பேரோடு மட்டும்தான். அதிக எடை பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2, கடைசி ஆளுக்கு 10. ஆறு பேரின் புள்ளியையும் கூட்டினால் எந்த அணிக்குக் குறைவோ அது வென்றது. சில லீக்கில் இதைத் தலைகீழாக, முதலாவது வந்தவருக்கு 10 என்று கொடுத்து மேலே கூட்டுவார்கள், விஷயம் ஒன்றுதான். பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டியில் மரதன் ஓடுகிறபோது, முதலாவதாக வருகிறவனை மட்டும் பார்க்காமல் ஏழாவதாக வருகிறவனும் இல்லத்துக்குப் புள்ளி கொண்டுவருகிறான் என்று மாஸ்டர் கத்துவாரே, அதே கணக்கு.

இதனால் என்ன நடக்கிறதென்றால், உங்கள் பகுதியில் ஒருவர் பெரிய பிரீம் மீன்களாகப் பிடித்துப் பத்து இறாத்தல் வைத்திருந்தாலும் அவருக்கு 1தான், அதற்கு மேலே அவரால் எதுவும் செய்ய முடியாது. ஆனால் ஒன்றும் பிடிக்காமல் கிடக்கிற உங்களுக்கு விரல் நீளத்தில் ரெண்டு பேர்ச் கிடைத்தால், பத்தாவது இடத்திலிருந்து ஏழாவதுக்கு ஏறலாம், அது அணிக்கு மூன்று புள்ளி மிச்சம். குளிர்ந்த நாளில் கால்வாயில் பாதிப் பேருடைய எடை ஒரு இறாத்தலைத் தாண்டாது. தராசில் இறாத்தல், அவுன்ஸ், அதற்குக் கீழே டிராம் வரை வாசிப்பார்கள். பதினாறு டிராம் ஒரு அவுன்ஸ், பதினாறு அவுன்ஸ் ஒரு இறாத்தல். ஒரு டிராம் வித்தியாசத்தில் இடம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் அணியில் ஒருவர் வலை காலியாக இருக்கிறதே என்று வெறுத்து ஒரு மணித்தியாலம் முன்னதாகவே சாமானைக் கட்டிவிட்டார், அந்த வருட லீக்கை ஒரே ஒரு புள்ளியால் விட்டோம். அவர் பெயர் வேண்டாம், இன்னமும் அணியில்தான் இருக்கிறார், இன்னமும் அதைச் சொல்லித்தான் அவரைக் கடிக்கிறார்கள். ஆகவே உங்கள் வேலை பெரிய மீன் பிடிப்பது அல்ல. வலையைக் காலியாக விடாமல் இருப்பது.

இனி இடம். கால்வாய் என்று நம்மூர் வாய்க்காலை நினைக்காதீர்கள், இது இருநூறு வருடத்துக்கு முன்னமே கரி ஏற்றுகிற படகுகளுக்காக வெட்டியது. கொவென்ட்ரி கால்வாய் நகரத்துக்குள் தொடங்கி, நனீட்டன், அதர்ஸ்டோன் வழியாக ஃபிராட்லி வரைக்கும் 38 மைல் போகிறது. பெரும்பாலும் பன்னிரண்டு பதினான்கு மீற்றர் அகலம்தான். உங்கள் கால் பக்கம் ஆழம் குறைந்த ஒரு திட்டு, நடுவில் படகு போகிற நாலைந்து அடி ஆழப் பள்ளம், அக்கரையில் இன்னொரு திட்டு, அதன் மேல் புதர் கவிந்திருக்கும். எல்லாருடைய கண்ணும் அந்த அக்கரைப் புதரில்தான், கார்ப், சப் போன்ற பெரியவை அங்கேதான் ஒதுங்கும். அங்கே எட்டுவதற்குத்தான் போல் என்று சொல்கிற, ரீல் இல்லாத, துண்டு துண்டாகப் பொருத்துகிற கார்பன் தடி வைத்திருக்கிறார்கள். பதின்மூன்று பதினான்கு மீற்றர் நீளம், நல்லது வாங்கப் போனால் ஆயிரக்கணக்கில் பவுண். நுனித் துண்டுக்குள் ரப்பர் ஓடும், மீன் இழுத்தால் அது நீண்டு கொடுக்கும். மீன் கொழுவினால் தடியை முழுக்கப் பின்னால் தள்ளி, நுனித் துண்டை மட்டும் கழற்றி எடுத்து மீனை வாங்க வேண்டும். முதல் நாளே, அதுவும் காற்றடிக்கிற நாளில், இதைக் கையாள முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கப்டனிடம் கேட்டு விப் என்கிற நாலைந்து மீற்றர் சின்னத் தடி ஒன்றை இரவல் வாங்குங்கள். தடியின் நுனியில் தங்கூசி, அதில் சின்னத் தக்கை, கீழே முள். ஊரில் போட்ட அதே தூண்டில்தான், மெல்லியது, அவ்வளவுதான். முள் மட்டும் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும், 20, 22 என்ற இலக்கம், நகக்கண்ணுக்குள் அடங்கும், பல இடத்தில் நுனியில் எதிர்க்கூர் இல்லாத முள்தான் விடுவார்கள். அதைக்கொண்டு உங்கள் பக்கத் திட்டு இறங்குகிற சரிவில் போடுங்கள். விசில் அடிக்க முன்னமே ஆழம் பார்த்துவைக்க அனுமதி உண்டு, முள்ளில் ஒரு குட்டிக் குண்டைக் கொளுவி இறக்கி, தக்கை எங்கே நிற்கிறதென்று பார்த்து அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். இதைச் சோம்பலில் விட்டவனுக்கு அன்று மீன் இல்லை. ரெண்டு அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் கால்வாய் மீன் இரையைத் திரும்பியும் பார்க்காது.

இரைக்கு மண்புழுவைக் கத்தரிக்கோலால் பொடியாக வெட்டிக் கொஞ்சம் போடுங்கள், முள்ளில் ஒரு சின்னத் துண்டு. அதற்குப் பேர்ச் கட்டாயம் வரும், முட்டாள் மீன், பசி மீன், புதியவனைக் காப்பாற்றுகிற மீன். ரோச் வேண்டுமானால் பாணின் வெள்ளையைக் குழலால் குத்தி எடுத்து ஒரு பொட்டு, அல்லது ஈப்புழு. கட்ஜன் என்று விரல் நீளத்தில் மீசை வைத்த ஒன்று வரும், சிரிக்காமல் வலைக்குள் போடுங்கள், அதற்கும் எடை உண்டு. இரை போடுவதில் கை அடங்க வேண்டும். நம் ஆட்களுக்கு விருந்துக்குப் போடுவது போலத்தான் கை போகும், ஒரே தரத்தில் நிறையக் கொட்டினால் வயிறு நிறைந்து மீன் விலகிவிடும், பிறகு கொட்டியதைத் திரும்ப எடுக்க முடியாது.

படகு வரும். ஏழடி அகலம், சிலது எழுபதடி நீளம், மணிக்கு நாலு மைலுக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம், அதனால் உங்கள் முன்னால் கடந்து முடிய ஒரு யுகம் எடுக்கும். தடியைத் தூக்கிக்கொண்டு பொறுமையாக இருங்கள், வழி அவர்களுடையது, ஒரு கை காட்டினால் அவர்களும் காட்டுவார்கள். கலங்கினதே என்று கவலைப்பட வேண்டாம், தெளிந்த தண்ணீரில் ஒளிந்திருந்த மீன் கலங்கிய பிறகு தின்னத் தொடங்குவதும் உண்டு. அதர்ஸ்டோனில் படகை ஏற்றி இறக்குகிற மதகுத் தொட்டி, லொக் என்பார்கள், அடுத்தடுத்துப் பதினொன்று இருக்கிறது, அந்தப் பக்கம் இடம் விழுந்தால் யாரோ தூரத்தில் மதகு திறக்கிறபோது நின்ற தண்ணீர் திடீரென்று ஓடத் தொடங்கும், தக்கை தானாக நகரும், மீன் என்று நினைத்து இழுக்காதீர்கள்.

உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பது பொதுப்பாதை. சைக்கிள்காரர் வேகமாக வருவார்கள், நீளமான தடியைப் பின்னால் தள்ளுகிறவன் ரெண்டு பக்கமும் பார்த்துத்தான் தள்ள வேண்டும். அதைவிட முக்கியம் தலைக்கு மேலே மின்கம்பி. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், தொடக்கூட வேண்டாம், கிட்டப் போனாலே பாயும், இந்த நாட்டில் தூண்டில்காரர் இப்படிச் செத்திருக்கிறார்கள். கம்பியிலிருந்து 30 மீற்றர் தள்ளியே இருக்க வேண்டும் என்பது கால்வாயைப் பராமரிக்கிற கனால் அண்ட் ரிவர் டிரஸ்டின் விதி. இன்னொன்று எலிக்காய்ச்சல், ஊரில் வயலுக்குப் போகிறவர்களுக்கு வருகிறதே அதே வருத்தம்தான், கால்வாய்க் கரையிலும் எலி உண்டு. கையில் வெட்டு இருந்தால் பிளாஸ்டர் ஒட்டுங்கள், கையைக் கழுவாமல் சாப்பிடாதீர்கள்.

லைசென்ஸ் இல்லாமல் போகவே வேண்டாம். இங்கிலாந்தில் 13 வயதும் அதற்கு மேலும் உள்ள யாரும் தூண்டில் போட அரசாங்க லைசென்ஸ் எடுக்க வேண்டும், அரசாங்க இணையத்தளத்தில் ஒரு நாளுக்கும் எடுக்கலாம், இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 2,500 பவுண் வரை போகும். விசாவில் இருக்கிற உங்களுக்கு அந்தத் தலையிடி எதற்கு?

இப்போது மீனைத் திரும்ப விடுகிற கதை. உண்மைதான். பிடித்ததெல்லாம் தண்ணீருக்குள் தொங்குகிற நீண்ட வலைக்குள் உயிரோடு கிடக்கும், கடைசியில் நிறுத்துவிட்டு அப்படியே விடுவார்கள். பைக் என்ற மீன் பெரும்பாலும் கணக்கில் வராது. ஸான்டர் மட்டும் வேறு, அது இந்த நாட்டு மீன் இல்லை, 1963இல் கிழக்கே கிரேட் ஊஸ் ஆற்றின் துணைக் கால்வாயில் விட்டது பிறகு இந்தப் பக்கமெல்லாம் பரவிவிட்டது, அதைத் திரும்ப விடுவது சட்டப்படி சிக்கல், வந்தால் கப்டனைக் கூப்பிடுங்கள். மற்ற எதையும் வீட்டுக்குக் கொண்டுபோவதைப் பற்றிப் பகிடிக்குக்கூடக் கதைக்காதீர்கள். இதைச் சும்மா சொல்லவில்லை. வெளிநாட்டுக்காரர் வந்து மீனைப் பிடித்துத் தின்கிறார்கள் என்ற ஒரு கோபம் இந்தக் கரைகளில் கனகாலமாக இருக்கிறது, மீனை எடுக்காதே என்று பல மொழிகளில் பலகையே வைத்திருக்கிறார்கள். அந்தக் கரையில் நம் நிறத்தில் நீங்கள் ஒருவர்தான் இருக்கக்கூடும், ஒரு குழம்புப் பகிடி போதும், அது உங்களுக்கு முன்னால் அடுத்த லீக்குக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மற்றபடி ஆட்கள் மோசமில்லை. சால்மன், டிரவுட் எல்லாம் காசுள்ளவனின் ஆற்றில் இருந்தது, மிச்ச மீனும் கால்வாயும்தான் தொழிலாளிக்கு, அப்படி ஆலைகளிலும் பப்களிலும் வளர்ந்த கழகங்கள் இவை. 1906இலேயே தேசிய அணிப்போட்டி தொடங்கிவிட்டது. பார்ன்ஸ்லிக்காரர் அலன் ஸ்கொதோர்ன் ஐந்து தரமும், பொப் நட் நாலு தரமும் உலகச் சம்பியன், இந்த ரெண்டு பெயரும் நாள் முழுக்கக் காதில் விழும், ஆரென்று கேட்டுவிடாதீர்கள்.

காலையில் ஒரு கஃபேயிலோ பப் வாசலிலோ கூடுவார்கள், பன்றி இறைச்சி வைத்த பாண் ஓடும், வேண்டாமென்றால் முட்டை கேளுங்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். குடிக்கச் சொல்லியும் வற்புறுத்தமாட்டார்கள், போட்டி முடிந்து முடிவு வாசிக்கிறபோதுதான் பியர், நீங்கள் கோலா வாங்கலாம். பங்குக் காசு உண்டு, எவ்வளவு என்று முன்னமே கேட்டு ரொக்கமாகக் கொண்டுபோங்கள். கப்டன் பைக்குள் கைவிட்டு இட இலக்கம் எடுப்பார், உங்களுக்கு எது விழுகிறதோ அதுதான், பகுதியின் கடைசி இடம் விழுந்தால் அதிர்ஷ்டம், ஒரு பக்கம் போட்டிக்கு ஆள் இல்லை. பிறகு ஐந்து மணித்தியாலம். பக்கத்தில் இருக்கிறவன் உம்மென்று இருப்பான், அது உங்களைப் பிடிக்காமல் அல்ல, அவன் உங்கள் எதிரணி. பாதையில் நாயோடு போகிறவர்கள் ஏதாவது பிடித்தாயா என்று கேட்பார்கள், எவ்வளவு இருந்தாலும் ஒன்றிரண்டு என்றுதான் சொல்ல வேண்டும். வலையில் என்ன கிடக்கிறதென்று பக்கத்து ஆள் அறியக்கூடாது.

தண்ணீர் போகாத சப்பாத்து, ரெண்டு சோடி காலுறை, ஃபிளாஸ்கில் தேத்தண்ணி, கை துடைக்கப் பழைய துவாய். தடி, பெட்டி, வலை எல்லாம் இரவல் வாங்குங்கள், முதல் போட்டிக்கு முன்னம் ஒரு சதமும் கடையில் செலவழிக்க வேண்டாம். சனிக்கிழமை மாலை நேரம் இருந்தால் சூப்பர்வைசரைக் கேட்டு ஒரு மணித்தியாலம் விப்பைப் பழகிப் பாருங்கள், சந்தோஷமாகக் காட்டித்தருவார். எந்தப் பாலத்துக்கும் எந்தப் பாலத்துக்கும் இடையில் போட்டி என்று தெரிந்ததும் எழுதுங்கள், அந்தப் பக்கம் நான் இருந்த இடமாக இருந்தால் சரிவு எவ்வளவு தூரத்தில் இறங்குகிறதென்று சொல்கிறேன்.