தன் வடிவுக்குத் திரும்பும் உலோகம்: வாசகர் கேள்விகள்

வானூர்திப் பொறியியல் பேராசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்று, தற்போது குன்னூரில் வசிப்பவர் இவ்வாரம் பதிலளிக்கிறார்.

எங்கள் பள்ளிக்கு நீங்கள் கொண்டுவந்த கம்பி, எப்படி வளைத்தாலும் வெந்நீரில் போட்டதும் நிமிர்ந்துவிட்டது. உலோகத்துக்கு நினைவு எப்படி வந்தது, ஐயா?
– பிளஸ் டூ மாணவி, அருவங்காடு

அது நிக்கல் அணுக்களும் டைட்டானியம் அணுக்களும் ஏறக்குறையச் சரிபாதியாகச் சேர்ந்த நிட்டினால் கம்பி. மார்கழிக் காலைக் குளிரில் அது ஈயக்கம்பியைப் போல விரலுக்கு இணங்கியதை நீங்களே தொட்டுப் பார்த்தீர்கள். குளிர்ந்திருக்கும்போது அதன் அணுக்கள் மார்ட்டென்சைட் என்னும் சாய்வான அடுக்கில் இருக்கும். அப்போது வளைத்தால் அணுக்களின் பிணைப்பு அறுவதில்லை, அடுக்குகள் சாய்ந்திருக்கும் திசை மட்டுமே மாறுகிறது. சூடு ஏறியதும் அவை ஆஸ்டெனைட் என்னும் நேரான அடுக்குக்குத் திரும்பியாக வேண்டும். அங்கே ஒவ்வோர் அணுவுக்கும் பழைய இடம் ஒன்றே உண்டு என்பதால் கம்பியும் பழைய வடிவத்தை அடைகிறது. அந்த வடிவத்தை முடிவு செய்பவர்கள் நாம்தாம்: கம்பியை வேண்டிய வடிவில் அச்சில் இறுக்கி, சுமார் 500 டிகிரி செல்சியஸ் உலையில் சிறிது நேரம் வைத்து, எடுத்தவுடன் தண்ணீரில் அமிழ்த்துகிறோம்.

அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடம் ஒன்றில் வில்லியம் ப்யூலர் உருவாக்கிய கலவை இது. 1961-இல் நடந்த ஒரு கூட்டத்தில், விசிறிபோல் மடித்த பட்டை ஒன்றை ஒருவர் லைட்டர் தீயில் காட்டியபோது, அது எல்லோர் கண்முன்பும் நீண்டு நிமிர்ந்தது.

விமானத்தில் மோட்டாரும் ஹைட்ராலிக் குழாய்களும் ஏற்கெனவே இருக்கையில் இது எதற்கு?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோத்தகிரி

எடையும் இடமும்தான் காரணம். ஒரு மோட்டார், அதன் பற்சக்கரங்கள், எண்ணெய்க் குழாய்கள் ஆகிய அனைத்தும் செய்யும் அசைவை ஒரு கம்பியோ குழலோ தானே செய்துவிடுமானால், இறக்கையின் மெல்லிய விளிம்புக்குள்கூட அதைப் பொருத்தலாம். இதன் முதல் பெரிய பயன்பாடு எஃப்-14 போர் விமானத்தின் ஹைட்ராலிக் குழாய் இணைப்புகளில்தான். இணைப்பு வளையத்தைத் திரவ நைட்ரஜனில் குளிர்வித்து விரித்து, குழாய்களின் முனையில் நுழைத்துவிட்டு விட்டுவிடுவார்கள். அறை வெப்பத்துக்கு வந்ததும் அது சுருங்கிப் பற்றவைப்பே இல்லாமல் இறுகப் பிடித்துக்கொள்ளும்.

நான் மிகவும் மதிக்கும் வேலைப்பாடு, 2005-இல் போயிங் 777 ஒன்றில் பறக்கவிட்டுச் சோதித்த, இயந்திரத்தின் பின்விளிம்பில் ரம்பம்போல் அமைந்த பற்கள். விமானம் மேலெழும்போது வெளியேறும் சூட்டிலேயே நிட்டினால் பட்டைகள் வளைந்து, பற்களை உட்புறம் தள்ளி இரைச்சலைக் குறைக்கின்றன; உயரத்தில் குளிர்ந்ததும் பட்டைகள் தளர, பற்கள் தம் விறைப்பாலேயே நேராகி, எரிபொருள் வீணாவதைத் தவிர்க்கின்றன. விமானி எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டியதில்லை. 2018-இல் நாசா, சிறிய ஆளில்லா விமானத்தின் இறக்கை நுனிகளைப் பறக்கும்போதே இத்தகைய கலவையால் மடக்கியும் காட்டியது.

விண்வெளியில் பயனுண்டா?
– வாசகர், உதகமண்டலம்

உண்டு. 1997-இல் செவ்வாயில் இறங்கிய சோஜர்னர் ஊர்தியில், தூசி படிவதை அளக்கும் கருவியின் கண்ணாடித் தகட்டை நகர்த்தியது நினைவுக் கம்பிதான். நாசாவின் கிளென் ஆய்வு மையம் இதே வகைக் கம்பிகளைப் பின்னிக் காற்றில்லாத சக்கரங்களைச் செய்கிறது; பாறை மீது ஏறி நசுங்கினாலும் அவை மீண்டுவிடுகின்றன.

என் மகள் இயந்திரவியல் முடித்துவிட்டு இந்த ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்கிறாள். உங்கள் அனுபவத்தில் இது எப்படிப்பட்ட வேலை?
– தேயிலைத் தொழிற்சாலை ஊழியர், குன்னூர்

பொறுமையாக எண்ணும் வேலை, ஐயா. பணியில் சேர்ந்த புதிதில், சிறு இறக்கை மாதிரி ஒன்றின் மடலைக் கம்பியால் தூக்கவைத்தோம். முதல் நாள் அது அழகாக எழுந்ததும் மாணவர்கள் கைதட்டினார்கள். மின்சாரம் கொடுத்துச் சூடாக்குவதும் ஆறவிடுவதுமாக மூன்று வாரம் ஓட்டியபின், கம்பி நிரந்தரமாக நீண்டு, மடல் பாதி உயரத்தோடு நின்றுவிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் அடுக்குகளில் சிறு பிசகு தங்கி, அது சேர்ந்துகொண்டே போனதே காரணம். ஒருமுறை மட்டும் என்றால் 8 விழுக்காடு நீட்சியிலிருந்துகூட மீளும் கம்பியை, பல்லாயிரம் முறை இயங்க வேண்டுமென்றால் இரண்டு மூன்று விழுக்காட்டுக்குள் நிறுத்த வேண்டும். பாரம் கட்டிப் பல சுற்று ஓட்டிப் பழக்கிய பிறகே அதைப் பொருத்த வேண்டும். இவ்விரண்டையும் கைவரப் பெறவே எங்களுக்குப் பல ஆண்டுகள் ஆயின.

கலவையில் நிக்கல் 0.1 விழுக்காடு கூடினாலே கம்பி வடிவம் மாறும் வெப்பநிலை பத்து டிகிரிக்குக் குறையாமல் இறங்கிவிடும். வாடிய கொழுந்தின் பதத்தைக் கையால் அறிகிற உங்களுக்கு, சிறு மாற்றம் முழு ஈட்டையும் கெடுப்பதை விளக்க வேண்டியதில்லை. மகள் பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வை உலோகவியல் தாளில் எழுதட்டும். வெப்பக் கடத்தலையும் விடாமல் படிக்கட்டும், ஏனெனில் கம்பியைச் சூடாக்குவது எளிது, விரைவாக ஆறவைப்பதுதான் இன்றுவரை தீராத சிக்கல். அவருக்கு விருப்பமிருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்து வாருங்கள். அந்த மூன்று வாரக் கணக்கெழுதிய குறிப்பேட்டையே அவரிடம் தருகிறேன்.