பல் வரிசை அழகுக்கு மட்டும்தானா?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்கின்றன. கிளிப் போடலாம் என்றால், "அழகுக்கு எதுக்கு வெட்டிச் செலவு?" என்கிறார் மாமியார்.
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அழகுக்கு மட்டும் இல்லைங்க. ஏறி இருக்கும் பல் இடுக்கில் பிரஷ் சரியாக நுழையாது, சாப்பிட்டது அங்கேயே தங்கி, காரை படிந்து, ஈறு வீங்கி ரத்தம் கசியும், சொத்தையும் சுலபமாக விழும். துருத்திய முன்பல் என்றால் சைக்கிளில் விழும்போது உடையும் வாய்ப்பும் அதிகம். அம்மணிக்கு இது நல்ல வயது, பல் சீரமைப்பு நிபுணரிடம் காட்டிவிடுங்கள். பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். அதுவரை முறுக்கு, கடலை மிட்டாய் வேண்டாம். அரிசிம்பருப்பு சாதம் தாராளமாகச் சாப்பிடலாம். அப்புறம், கிளிப்பைக் கழற்றியதும், பல்லை அதே இடத்தில் பிடித்து வைக்கும் ரீட்டெய்னர் என்ற கருவியைப் போடாமல் விட்டால் பல் பழையபடி நகர ஆரம்பித்துவிடும், அதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.